நம் வீட்டுச் சாப்பாட்டை ஆங்கிலத்தில் சொல்ல: செட்டிநாட்டில் புதிதாகப் பேசத் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாக மாறிய பிறகு, அவற்றில் வரவேற்பாளராகவும் வழிகாட்டியாகவும் பரிமாறுபவராகவும் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள், ஆத்தங்குடித் தளக்கல்லைப் பற்றியும் பர்மாத் தேக்கைப் பற்றியும் ஆங்கிலத்தில் தங்குதடையின்றிச் சொல்லக் கற்றுவிடுகிறார்கள். வீட்டின் முகப்பையும், வளவு என்னும் உள்முற்றத்தையும், அதையடுத்த இரண்டாம் கட்டையும் சுற்றிக் காட்டி முடித்து, விருந்தினர் இலைக்கு முன் உட்கார்ந்து, ‘வாட் டு யூ லைக் டு ஈட் அட் ஹோம்?’ என்று கேட்கும்போதுதான் பேச்சு தடைப்படுகிறது. கேட்கப்படுபவரின் சொந்த வாழ்க்கையைத் தொடும் கேள்வியாக அது இருப்பதால், மனப்பாடம் செய்த வாக்கியம் எதுவும் கைகொடுப்பதில்லை. ‘வெரி டேஸ்டி, வெரி ஸ்பைசி’ என்ற இரண்டு சொற்களோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

பள்ளி அளவு ஆங்கிலம் தெரிந்து, பேசத் தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடுதியில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமன்றி, மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த உறவுப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அவர்களோடு பேச வேண்டிய ஆச்சிமார்களுக்கும், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் இது பயன்படும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவது நல்லது, ஏனென்றால் பேச்சு நாக்கில்தான் பழக வேண்டும்.

எந்த உணவைச் சொல்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆங்கிலத்தில் ‘ஃபேவரிட் டிஷ்’ என்பதும் ‘கம்ஃபர்ட் ஃபுட்’ என்பதும் ஒன்றைக் குறிப்பவை அல்ல. முன்னது மிகவும் பிடித்த உணவு; அது கல்யாணப் பந்தியில் கிடைப்பதாகவும் இருக்கலாம், கடையில் வாங்குவதாகவும் இருக்கலாம். பின்னது, களைத்துப்போன நாளில், காய்ச்சல் விட்ட மறுநாளில், நெடும்பயணம் முடிந்து வீடு திரும்பிய இரவில் மனம் தானாக நாடும் உணவு. விருந்தினர் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். செட்டிநாட்டுக் கோழியின் பெயரை அவர்கள் தங்கள் ஊர் உணவகப் பட்டியலிலேயே படித்திருப்பார்கள். அதைச் சமைக்கும் வீட்டில், விருந்தில்லாத சாதாரண நாளில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை நம்மைத் தவிர வேறு யாரும் அவர்களுக்குச் சொல்ல முடியாது. ஆகவே, பலகையில் எழுதியிருப்பதையே திரும்பச் சொல்லாமல், உங்கள் வீட்டு அடுப்படியில் இருப்பதைச் சொல்லுங்கள்.

காய்ச்சலில் படுத்திருந்தபோது என்ன கொடுத்தார்கள், தேர்வு எழுதிவிட்டு வந்த மாலையில் எது தயாராக இருந்தது, ஊரைவிட்டு வெளியே தங்கியிருக்கும்போது எதற்காக ஏங்கினீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ரசம் சாதமும் சுட்ட அப்பளமும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், பழைய சோறும் சின்ன வெங்காயமும், இட்லியும் கத்தரிக்காய்க் கோசமல்லியும், வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் என்று வீட்டுக்கு வீடு விடை மாறும். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றைப் பற்றி முழுமையாகப் பேசப் பழகுவதே முதல் வேலை. தொடக்க வாக்கியம் எளியதாக இருக்கட்டும்: ‘மை கம்ஃபர்ட் ஃபுட் இஸ் ரசம் வித் ரைஸ்.’ அதை அடுத்து, ‘இட்ஸ் நாட் வாட் வி சர்வ் அட் வெட்டிங்ஸ். இட்ஸ் வாட் ஐ வான்ட் வென் ஐ கம் ஹோம் டயர்டு’ என்று சேர்த்துவிட்டால், கேட்பவருக்கு அந்த உணவின் இடம் சட்டென்று விளங்கிவிடும்.

பெயரை மாற்றாதீர்கள், அடையாளத்தைச் சேருங்கள்

பணியாரம் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடத் தொடங்கினால் பேச்சு அங்கேயே தடைப்பட்டுவிடும். ஜப்பானியர் சுஷியை மொழிபெயர்த்துச் சொல்வதில்லை, இத்தாலியர் பாஸ்தாவை மொழிபெயர்ப்பதில்லை; நாமும் உணவின் பெயரைத் தமிழிலேயே, அசை அசையாகப் பிரித்து, ‘பணி-யா-ரம்’ என்று நிதானமாக ஒருமுறை சொல்லலாம். அதன் பிறகு, ‘இட்ஸ் அ கைண்ட் ஆஃப்’ என்று தொடங்கி, அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். இடியாப்பத்துக்கு ‘ஸ்டீம்டு ரைஸ் நூடுல்ஸ்’ என்பது போதுமானது. இலங்கை உணவை அறிந்தவர்களிடம் ‘ஸ்ட்ரிங் ஹாப்பர்ஸ்’ என்றால் இன்னும் விரைவாகப் புரியும். வெள்ளைப் பணியாரத்தை ‘அ சாஃப்ட் ஒயிட் ஃப்ரிட்டர்’ என்றும், பால் பணியாரத்தை ‘ஸ்மால் ஃப்ரைடு டம்ப்ளிங்ஸ் சோக்டு இன் ஸ்வீட் மில்க்’ என்றும் சொல்லலாம். கஞ்சிக்கு விளக்கமே தேவையில்லை, ‘ரைஸ் காஞ்ஜி’ என்றால் சீன, சிங்கப்பூர் விருந்தினர்களுக்கு அது அவர்கள் வீட்டு உணவாகவே தோன்றும்.

குழம்புதான் இங்கே சற்றுக் கவனம் கேட்பது. நம் ஊர்ப் பேச்சில் எல்லாக் குழம்பையும் ‘கிரேவி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பிரிட்டனிலிருந்து வருபவருக்குக் கிரேவி என்பது வாட்டிய இறைச்சியின் மீது ஊற்றும் பழுப்பு நிறச் சாறு. ‘கறி’ என்று சொன்னாலோ எல்லாக் குழம்பும் ஒன்றாகிவிடும். ‘அ டேமரிண்ட் சாஸ் வி மிக்ஸ் வித் ரைஸ்’ என்று புளிக்குழம்பைச் சொன்னால் அது எதனால் ஆனது, எப்படிச் சாப்பிடுவது என்ற இரண்டும் விளங்கும். மண்டியை விளக்குவது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. அரிசி களைந்த நீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வெண்டைக்காயும் சேர்த்துச் செய்யும் அந்த உணவை, ‘வி குக் ஓக்ரா வித் டேமரிண்ட், இன் த வாட்டர் வி யூஸ் டு ரின்ஸ் த ரைஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். அரிசி களைந்த நீரையும் வீணாக்காத சமையல் என்பது, நீங்கள் சொல்லாமலேயே கேட்பவருக்குப் புலப்படும்.

உளுந்தைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. அகராதி அதற்கு ‘பிளாக் கிராம்’ என்று பொருள் தரும். வெள்ளைப் பணியாரத்தில் கறுப்புப் பயறு இருக்கிறது என்றால் விருந்தினர் குழம்புவார். தோல் நீக்கிய உளுந்தைப் பற்றிப் பேசும்போது ‘ஒயிட் லென்டில்ஸ், கால்டு உரத் தால்’ என்று சொல்வதே தெளிவு.

அடுப்படி வினைச்சொற்களைச் சரியாகப் பிடியுங்கள்

உணவுப் பேச்சில் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லே அதிகம் உழைக்கிறது. வேகவைத்தல் என்ற ஒரு சொல்லைச் சோற்றுக்கும் இட்லிக்கும் நாம் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் நீரில் மூழ்கி வேகும் சோறு ‘பாய்ல்டு’, ஆவியில் வேகும் இட்லியும் இடியாப்பமும் கொழுக்கட்டையும் ‘ஸ்டீம்டு’. ‘பாய்ல்டு இட்லி’ என்று சொன்னால் கொதிநீரில் போட்ட மாவுருண்டை ஒன்றைக் கேட்பவர் கற்பனை செய்துகொள்வார்.

சுடுதல் இன்னும் சிக்கலானது. அப்பளத்தைத் தணலில் சுடுகிறோம், தோசையைக் கல்லில் சுடுகிறோம், பணியாரத்தை எண்ணெயில் சுடுகிறோம். தமிழில் மூன்றும் சுடுதல்தான். ஆங்கிலத்தில் அப்பளத்துக்கு ‘ரோஸ்டட் ஓவர் எ ஃப்ளேம்’, தோசைக்கு ‘குக்டு ஆன் அ ஹாட் கிரிடில்’, வெள்ளைப் பணியாரத்துக்கு ‘டீப்-ஃப்ரைடு’, குழிப்பணியாரத்துக்கு ‘குக்டு இன் அ பேன் வித் ஸ்மால் ஹாலோஸ்’ என்று தனித்தனியே சொல்ல வேண்டும். வறுத்தலும் அப்படியே: மல்லியையும் மிளகையும் சோம்பையும் எண்ணெயில்லாமல் வறுப்பது ‘ட்ரை-ரோஸ்ட்’, கோழி வறுவல் எண்ணெயில் சுருண்டு வருவதால் ‘குக்டு டவுன் அன்டில் த மசாலா கோட்ஸ் த மீட்’ என்று சற்று நீட்டிச் சொன்னால்தான் பதம் விளங்கும். வதக்குவது ‘சாட்டே’ அல்லது எளிமையாக ‘ஃப்ரை ஜென்ட்லி’. தாளிப்பதை இந்திய ஆங்கிலத்தில் ‘டெம்பரிங்’ என்போம். அச்சொல்லை அறியாதவரிடம் ‘வி சிசில் மஸ்டர்ட் சீட்ஸ் அண்ட் கறி லீவ்ஸ் இன் ஹாட் ஆயில், அண்ட் போர் இட் ஓவர் த டிஷ்’ என்று செயலையே சொல்லிவிடுங்கள்.

அம்மியில் அரைத்தது ‘கிரவுண்ட் ஆன் அ ஸ்டோன் ஸ்லாப்’, உரலில் இடித்தது ‘பவுண்டட்’. இரண்டாம் கட்டில் கிடக்கும் ஆட்டுக்கல்லைக் காட்டிக்கொண்டே இவற்றைச் சொல்ல வாய்ப்பிருப்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. கண்ணால் பார்த்த கருவியோடு சேர்ந்த சொல் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் மறப்பதில்லை. உப்புக்கண்டத்தை ‘சால்டட், சன்-ட்ரைடு மீட்’ என்பதும் இந்த வரிசையில் சேரும். அம்மாவைப் புகழ விரும்பினால் ‘மை மதர் இஸ் அ குட் குக்’ என்று சொல்லுங்கள். ‘குக்கர்’ என்பது அடுப்பின் மேல் விசிலடிக்கும் பாத்திரம்.

சுவையும் பதமும்

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே நாக்கைச் சுடும் காரம் என்ற எண்ணம் வெளியூர்களில் வேரூன்றிவிட்டது. அதைத் திருத்த வேண்டிய பொறுப்பு நம்முடையது என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் குழந்தைகளும் முதியவர்களும் நாள்தோறும் சாப்பிடும் உணவில் மணம் தூக்கலாகவும் காரம் அளவாகவும்தான் இருக்கும். இதைச் சொல்ல ‘ஸ்பைசி’ என்ற சொல் மட்டும் போதாது. மசாலா மணம் மிகுந்தது என்றும் காரமானது என்றும் இரண்டு பொருள் அதற்கு உண்டு. ‘ஹாட்’ என்றாலும் சூடா, காரமா என்ற ஐயம் எழும். ‘இட்ஸ் ஃபுல் ஆஃப் ஸ்பைசஸ், பட் இட்ஸ் நாட் வெரி ஹாட்’ என்ற வாக்கியத்தை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சூட்டைக் குறிக்க ‘ஈட் இட் வைல் இட்ஸ் வார்ம்’ என்று வேறு சொல்லால் சொல்லலாம். மிளகின் காரத்துக்கு ‘பெப்பரி’ என்று தனிச்சொல் இருக்கிறது. நண்டு ரசத்தையும் நாட்டுக்கோழி ரசத்தையும் அறிமுகப்படுத்த அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

புளிப்பைச் ‘சவர்’ என்றால் பொருள் சரிதான், ஆனால் பால் திரிந்த புளிப்புக்கும் அதே சொல்தான். புளியின் இனிய புளிப்பைப் பாராட்டிச் சொல்ல ‘டேங்கி’ உதவும். இவ்வாறு ஒரே தன்மைக்குப் பாராட்டும் சொல்லும் பழிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து நிற்பதால், பதம் பற்றிப் பேசும்போது கவனம் வேண்டும். ரசம் ‘தின் அண்ட் லைட்’ என்பது பாராட்டு, ‘வாட்டரி’ என்பது குறை. நெய் மணக்கும் கும்மாயம் ‘ரிச்’ என்பது பாராட்டு, ‘ஆய்லி’ என்பது குறை. குழைந்த பருப்புச் சாதம் ‘சாஃப்ட் அண்ட் க்ரீமி’ ஆகலாம், ‘மஷி’ ஆகக் கூடாது. வாசனையைச் சொல்லும்போது ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று மட்டும் நிறுத்தினால் நாற்றமடிக்கிறது என்று பொருளாகிவிடும். ‘இட் ஸ்மெல்ஸ் வொண்டர்ஃபுல்’ என்று முழுமையாக்குங்கள். சீப்புச் சீடை, தேன்குழல் போன்ற மொறுமொறுப்பான பலகாரங்கள் ‘க்ரிஸ்பி’ அல்லது ‘க்ரஞ்சி’. கடித்தால் சத்தம் பலமாகக் கேட்பதைக் க்ரஞ்சி என்றும், மெல்லியதாக நொறுங்குவதைக் க்ரிஸ்பி என்றும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. இட்லிக்கு ‘ஃப்ளஃபி’, நன்றாக வெந்த இறைச்சிக்கு ‘டெண்டர்’.

உச்சரிப்பில் சில இடங்கள் மட்டும் முக்கியம். சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு ‘டிஸர்ட்’, இறுதி அசையில் அழுத்தம். முதல் அசையில் அழுத்தி ‘டெஸர்ட்’ என்றால் பாலைவனம். ‘ரெசிபி’ மூன்று அசை. வயிறு நிறைந்ததைச் சொல்லும் ‘ஃபுல்’ குறிலாக ஒலிக்க வேண்டும், நீண்டால் முட்டாள் என்று பொருள். ‘ஸ்டீம்’, ‘ஸ்பூன்’ ஆகியவற்றின் முன்னால் இகரத்தைச் சேர்க்காமல் பழகுங்கள். மற்றபடி நம் நாக்கின் தமிழ் ஒலியை மறைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

மசாலாவும், நாட்டுக்கு நாடு மாறும் பெயர்களும்

நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் இரண்டு பொருள்களை வெளிநாட்டவர் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்ந்து வளரும் கல்பாசியை ஆங்கிலத்தில் ‘பிளாக் ஸ்டோன் ஃப்ளவர்’ என்கிறார்கள். பெயரில் பூ இருந்தாலும் அது பூவன்று, ‘லைக்கன்’ என்ற உயிர்வகை. ‘இட்ஸ் அ லைக்கன் தட் க்ரோஸ் ஆன் ராக்ஸ் அண்ட் ட்ரீஸ். இட் ஹாஸ் நோ ஹீட், ஒன்லி அ டீப், வுடி அரோமா’ என்று சொல்லி, சூடான எண்ணெயில் ஒரு துண்டைப் போட்டு முகரக் கொடுத்தால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மராட்டி மொக்கு இலவ மரத்தின் உலர்ந்த மொக்கு என்பதால் ‘ட்ரைடு கேப்பாக் பட்’ என்று சொல்லலாம். அன்னாசிப்பூவை நேரடியாக மாற்றி அன்னாசிப் பழத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், அது ‘ஸ்டார் அனீஸ்’. சோம்பு ‘ஃபெனல் சீட்ஸ்’.

காய்கறிகளில், நாம் பள்ளியில் படித்த ‘பிரிஞ்சால்’ பிரிட்டனில் ‘ஆபர்ஜீன்’, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘எக்ப்ளான்ட்’. வெண்டைக்காய்க்கு ‘ஓக்ரா’ எங்கும் செல்லும். கொத்தமல்லித் தழையை அமெரிக்கர் ‘சிலான்ட்ரோ’ என்பர். முருங்கைக்காயை ‘ட்ரம்ஸ்டிக்’ என்று மட்டும் சொன்னால் பலருக்குக் கோழிக்கால்தான் நினைவுக்கு வரும், சைவ விருந்தினருக்கு அது அதிர்ச்சியாகவும் இருக்கலாம். ‘மொரிங்கா பாட்ஸ்’ என்று சொல்லுங்கள். நல்லெண்ணெயை இந்தியாவுக்கு வெளியே ‘ஜிஞ்சலி’ என்று சொன்னால் பலருக்கு விளங்காது, ‘செசமி ஆயில்’ என்பதே பொதுப்பெயர். நம் ‘மட்டன்’ ஆட்டுக்கறிதான் என்றாலும், ஆங்கிலேயருக்கும் ஆஸ்திரேலியருக்கும் அச்சொல் முதிர்ந்த செம்மறியின் இறைச்சியைக் குறிப்பதால், வெள்ளாட்டுக்கு ‘கோட் மீட்’ என்பது துல்லியம். கருப்பட்டி ‘பாம் ஜாகரி’. ‘மெஸ்’ என்று நாம் சொல்லும் சிறு உணவகத்தை ‘அ ஸ்மால் ஃபேமிலி-ரன் ஈட்டரி’ என்று விளக்கிவிடுங்கள், வெறுமனே மெஸ் என்றால் அலங்கோலம் என்று புரிந்துகொள்வார்கள்.

ஒவ்வாமை பற்றிக் கேட்டால்

இந்தப் பகுதியில் மட்டும் அழகான பேச்சைவிடச் சரியான பேச்சே தேவை. ‘ஐ ஆம் அலர்ஜிக் டு நட்ஸ்’ என்று ஒருவர் சொல்லும்போது அது விருப்பு வெறுப்பு பற்றிய பேச்சன்று. சிலருக்கு ஒரு சிறு துணுக்கே மூச்சுத் திணறலை உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அப்போது ‘நோ ப்ராப்ளம்’ என்று தலையசைத்துவிடாமல், ‘விச் நட்ஸ்? கேஷ்யூ, பீநட், ஆர் ஆல்?’ என்று கேட்டுத் தெளியுங்கள். முந்திரி நம் குருமாக்களிலும் இனிப்புகளிலும் அரைத்துச் சேர்க்கப்படுவதால் கண்ணுக்குத் தெரியாது. நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவது. எள் ஒவ்வாதவருக்கு அதுவும் ஆகாது. தெரியாத இடத்தில் ஊகிக்கக் கூடாது. ‘லெட் மீ செக் வித் த குக்’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கேட்டு வருவதுதான் மரியாதையும் பாதுகாப்பும்.

கோதுமை ஒவ்வாதவர்கள் ‘க்ளூட்டன்-ஃப்ரீ’ உணவைக் கேட்பார்கள். அரிசியும் உளுந்தும் கொண்ட நம் பலகாரங்களுள் பெரும்பாலானவை அவர்களுக்கு ஏற்றவை. ஆனால் ரவையில் செய்யும் ரங்கூன் புட்டு ஆகாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருப்பதால், பெட்டியின் மேல் உள்ள விவரத்தைப் படிக்காமல் ரசத்தையும் சாம்பாரையும் அவர்களுக்குப் பரிமாறக் கூடாது. இதைத் தெரிந்துவைத்திருப்பவர் மிகச் சிலரே என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

‘வெஜிடேரியன்’ என்று சொல்லும் மேலைநாட்டவர் பலர் முட்டை சாப்பிடுவார்கள். ‘வீகன்’ என்று சொல்பவர்கள் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டார்கள். அவர்களுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பமும் நெய் சேர்க்காத கவுனி அரிசியும் நல்ல விருந்து. சமண மதத்தினர் வெங்காயமும் பூண்டும் கிழங்கும் தவிர்ப்பதால் முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். எல்லோரிடமும் பொதுவாகக் கேட்க ஒரு வாக்கியம் போதும்: ‘இஸ் தேர் எனிதிங் யூ டோன்ட் ஈட்?’

நினைவைச் சொல்லுங்கள்

உணவின் பெயர், அதில் உள்ள பொருள்கள், செய்முறை ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் தகவல் முடிந்தது. அது உங்கள் உணவாக ஆவது, யார் செய்தார்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லும்போதுதான். இதற்கு ஆங்கில இலக்கணத்தில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: முன்பு வழக்கமாக நடந்து இப்போது நடக்காததைச் சொல்ல ‘யூஸ்டு டு’. ‘மை கிராண்ட்மதர் யூஸ்டு டு மேக் இட்’ என்றால், செய்துகொண்டிருந்தார்கள், அது அந்தக் காலம் என்ற இரண்டும் அதில் அடங்கும். இன்றும் தொடரும் பழக்கத்துக்கு ‘மை மதர் மேக்ஸ் இட் எவ்ரி சண்டே’ என்ற எளிய நிகழ்காலம். ‘மை மதர் இஸ் மேக்கிங் இட் எவ்ரி சண்டே’ என்று சொல்லும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

உறவுப் பெயர்களில் ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை. நகரத்தார் வீடுகளில் தாயின் தாயை ஆயா என்றழைக்கிறோம். ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல் குழந்தை பார்க்கும் பணிப்பெண்ணைக் குறிப்பதால், ‘மை மதர்ஸ் மதர். வி கால் ஹெர் ஆயா’ என்று உறவை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். அப்பத்தாவுக்கு ‘மை ஃபாதர்ஸ் மதர்’. அவர்களை ‘கிரானி’ என்று மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொண்டு முழுப் பேச்சாக ஒரு மாதிரி தருகிறேன். பச்சரிசியைப் படியில் நிரப்பி, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளக்கும் நம் வீட்டு அளவையும் அதில் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் இத்தகைய நுணுக்கம்தான் கேட்பவர் மனத்தில் நிற்கிறது.

‘மை கம்ஃபர்ட் ஃபுட் இஸ் வெள்ளைப் பணியாரம். இட்ஸ் அ சாஃப்ட் ஒயிட் ஃப்ரிட்டர் மேட் ஃப்ரம் ரைஸ் அண்ட் ஒயிட் லென்டில்ஸ். வி ஃபில் அ கப் வித் ரைஸ், அண்ட் ஹீப் த லென்டில்ஸ் ஆன் டாப் லைக் அ லிட்டில் டவர். தட்ஸ் அவர் மெஷர். வி சோக் தெம், கிரைண்ட் தெம் இன்டு அ ஸ்மூத் பேட்டர், அண்ட் டீப்-ஃப்ரை ஒன் லேடில் அட் அ டைம். வி டேக் இட் அவுட் பிஃபோர் இட் டர்ன்ஸ் பிரவுன். வி ஈட் இட் வித் அ ரெட் சில்லி சட்னி. மை மதர்ஸ் மதர் யூஸ்டு டு மேக் இட் வென் வி கேம் ஹோம் ஃப்ரம் ஸ்கூல், அண்ட் ஷி நெவர் ஸாட் டவுன் அன்டில் எவ்ரிபடி ஹாட் ஈட்டன்.’

ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். ‘மேட் ஃப்ரம்’ என்பது முதன்மைப் பொருளுக்கு. மேலே சேர்ப்பதைச் சொல்ல ‘மேட் வித்’, உடன் வைப்பதைச் சொல்ல ‘சர்வ்டு வித்’. இந்த மூன்று தொடர்களைக் கொண்டு கந்தரப்பம் முதல் சுறாப்புட்டு வரை எதையும் விளக்கலாம். கவுனி அரிசியைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பர்மாவிலிருந்து நம் முன்னோர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்பு அரிசியை ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்க்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதே போன்ற கறுப்பு ஒட்டரிசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய ‘புலுட் ஹிதாம்’ உண்டு. அந்நாட்டு விருந்தினரிடம் ‘யூ ஹாவ் சம்திங் வெரி சிமிலர் அட் ஹோம்’ என்று தொடங்கினால், பிறகு பேச்சை நடத்திச் செல்வது அவர்களாகவே இருக்கும்.

பரிமாறும்போது

உரையாடலில் நம் பங்கு பாதிதான். உங்கள் உணவைச் சொல்லி முடித்ததும், ‘வாட் டிட் யுவர் ஃபேமிலி கிவ் யூ வென் யூ வேர் இல் அஸ் அ சைல்ட்?’ என்று கேளுங்கள். கோழி சூப், பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனி, அரிசிக் கஞ்சி என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, ‘ஹூ மேட் இட்?’, ‘டு யூ ஸ்டில் மேக் இட்?’ என்று தொடர்ந்து கேட்டால் போதும்; இலக்கணம் தடுமாறினாலும் அந்த அக்கறை அவர்களைச் சென்றடைந்துவிடும்.

நம் பக்கத்தில் வற்புறுத்திப் பரிமாறுவது அன்பின் அடையாளம். ஆங்கிலத்தில் ‘ஈட், ஈட்’ என்று சொன்னால் கட்டளைபோல் ஒலிக்கும். ‘வுட் யூ லைக் சம் மோர்?’ என்று கேட்டு, மறுத்தால் ‘ஜஸ்ட் அ லிட்டில்?’ என்று இன்னொரு முறை கேட்கலாம். அதற்கும் ‘நோ, தேங்க் யூ’ என்றால் அது உண்மையான மறுப்பு, கரண்டியை விலக்கிக்கொள்ளுங்கள். காரம் தாங்காமல் கண்ணீர் வருபவருக்குத் தண்ணீரைவிடத் தயிர் உதவும், மிளகாயின் காரப்பொருள் நீரில் எளிதில் கரையாது, பாலில் உள்ள புரதம் அதை நாக்கிலிருந்து அகற்றும். ‘ட்ரை சம் யோகர்ட், இட் ஹெல்ப்ஸ் மோர் தேன் வாட்டர்’ என்று சொல்லி ஒரு கரண்டி தயிரை இலையில் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் ‘ஃபோல்ட் த லீஃப் டுவர்ட்ஸ் யூ’ என்று இலையைத் தம் பக்கமாக மடிக்கச் சொல்லிக் கொடுக்கலாம்.

பழகும் முறை

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில், தலைப்பு தந்து 1 நிமிடம் சிந்திக்க விட்டு, 1 முதல் 2 நிமிடங்கள் தொடர்ந்து பேசச் சொல்வார்கள். தேர்வு எழுதாதவர்களுக்கும் இந்த அளவு நல்ல பயிற்சி. கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, 1 நிமிடத்தில் பெயர், வகை, பொருள், செய்முறை, நினைவு என்ற ஐந்து குறிப்புகளை மட்டும் தாளில் எழுதி, 2 நிமிடங்கள் நிறுத்தாமல் பேசுங்கள். எழுதிவைத்த பேச்சைப் படிக்காதீர்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச்சொல்லையே போட்டு மேலே செல்லுங்கள். பதிவைக் கேட்கும்போது அந்தச் சொற்களைக் குறித்துவைத்து, அவற்றை மட்டும் மறுநாளைக்குள் தேடிக்கொள்ளலாம். ‘வெரி’ எத்தனை முறை வந்தது என்பதையும் பாருங்கள். வந்த இடங்களிலெல்லாம் மேலே சொன்ன பதச்சொற்களுள் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள்.

வீட்டில் சமைக்கும்போது அடுப்படியில் நின்று, அம்மா செய்வதை வினைச்சொல் வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் சொல்லிவருவதும் மிகுந்த பயன் தரும். அப்படிச் சொல்லும்போது அளவும் வரிசையும் சரியா என்று அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாத ஆச்சிக்கும் பணியாரத்தின் பதம் தெரியும், செய்முறையில் பிழை விட்டால் திருத்த வேண்டியவர் அவர்தான். முதல் உணவைப் பற்றித் தாளில்லாமல் பேச முடிந்ததும் இரண்டாவது உணவாக ஒரு குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வினைச்சொற்கள் மிகுதி; மூன்றாவதாக ஓர் இனிப்பு. இந்த மூன்றும் கைவந்தபின் விருந்தினர் கேட்கும் கேள்விகளையே குறித்துவைத்து, அவற்றுக்கு விடை சொல்லிப் பழகுங்கள்.